வெள்ளைக் கவுனும் ஒரு வாக்குத்தத்த அட்டையும்

நம்ம ஞாயிறு பள்ளி குரூப்புல போன வாரம் ஒரு பழைய போட்டோ போட்டீங்களே, கிறிஸ்மஸ் நாடகத்துல பதினோரு தேவதூதருங்க வரிசையா நிக்கிறது, அதுல இடது பக்கத்திலேருந்து மூணாவது ஆளு நான்தான். ஒரு பக்கத்து இறக்கை தொங்குது பாருங்க, அதேதான். ஆளாளுக்கு வந்து "ஐயோ அந்தப் பல்லு", "ஐயோ அந்த ஒல்லி"ன்னு சிரிச்சீங்க. சிரிங்கப்பா. முப்பதைத் தாண்டினதுமே தலைக்கு டை, இடுப்புக்கு பெல்ட்டுன்னு ஆயாச்சு, இனிமே சிரிக்க வேற என்ன இருக்கு? ஆனா நான் அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தது என் பல்லை இல்ல. நான் போட்டிருந்த வெள்ளைக் கவுனை.

அந்தக் கவுன் கதை உங்க யாருக்கும் தெரியாது. அதுல நீங்களும் ஒரு சின்ன வேஷம் கட்டியிருக்கீங்க, அதுவும் உங்களுக்குத் தெரியாது. எனக்கே போன மாசம்தான் முழுசாத் தெரிஞ்சுது. வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு பாத்தேன், நாலு தடவை ஆரம்பிச்சு நாலையும் அழிச்சேன். அதான் உக்காந்து எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், காபி போட்டுக்கிட்டு வந்து படிங்க.

அப்ப நான் அஞ்சாவது படிச்சேன். அப்பா தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேலைப் பிரிவுல இருந்தாங்க. அம்மா அடையாறுல ஒரு ஆஸ்பத்திரியில நர்சு. ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம்ங்கிறதால வீட்டுக்குள்ள ஒரு பேச்சு, வாசப்படி தாண்டினா வேற பேச்சு. ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம். கீழ வீட்டுக்கார மாமி. பாட்டு டீச்சர். கடையில மிஞ்சின வெள்ளை நெட் துணியை அப்பா கொண்டாந்தாங்க, அம்மா டெய்லர்கிட்ட குடுத்து மூணு அடுக்கு வெச்சுக் கவுனாத் தெச்சு வாங்கினாங்க. முதுகுல ஆறு முத்துப் பட்டன், இடுப்புல சாட்டின் ரிப்பன். உக்காந்தா கவுன் என்னைச் சுத்தி எழும்பி நிக்கும், கஞ்சி வாசனை வரும், தொடையெல்லாம் குத்தும். குத்தினாலும் கழட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சேன். நாடகத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஒரு தடவை, மொத்தமே ரெண்டு தடவைதான் போட்டது.

மறுநாள் சுனாமி வந்துது.

அதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டூட்டி முடிஞ்சதும் அம்மா நேரா பட்டினப்பாக்கம் போயிடுவாங்க, ஊசி போட, காயத்துக்குக் கட்டுப் போட. வீட்டுக்கு வர்றப்ப சேலைக் கரை பூரா மணல் இருக்கும். தட்டு முன்னால உக்காந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பாங்க, வாய்க்குப் போகாது. "அம்மா, சாப்பிடுங்கம்மா"ன்னு நான் சொல்லணும். எனக்கு அது ரொம்பப் பயமா இருந்துது.

அப்புறம் புது வருஷத்துக் காலை ஆராதனை. வாக்குத்தத்த அட்டை எடுக்கிறது என்னன்னு நம்மளுக்குத் தெரியும், நாளைக்கு நம்ம பிள்ளைங்க படிச்சா விளங்கணுமேன்னு சொல்றேன். காணிக்கை வாங்குற வெல்வெட் பை அன்னிக்கு மட்டும் நிறைய அட்டையோட வரும். கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். முன்பக்கம் ஒரு படம், கீழ ஒரு வேத வசனம். பின்பக்கம் பேரை எழுதி பைபிளுக்குள்ள வெச்சுக்கணும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குன்னு சொன்ன வார்த்தை அதுதான். கல்யாணமோ, வேலையோ, வீடு மாத்துறதோ, நம்ம ஜனங்க அந்த அட்டையைப் பாத்துட்டுத்தான் தலையாட்டும்.

எனக்கு வந்த அட்டையில பழுப்பா ஒரு ரோடு, அவ்வளவுதான். ஒரு பூ கூட இல்ல. வசனத்தை நான் படிக்கவே இல்ல, பென்சிலால பேரை மட்டும் எழுதினேன். பக்கத்துல அம்மா அட்டையைப் பாத்தா, அடி ஆத்தீ! பச்சைப் புல்லு, மூணு ஆட்டுக்குட்டி, குட்டிங்க முதுகுல ஜிகினா வேற. அம்மா பேரு கூட எழுதாம அதை பைபிள்ல செருகி பெஞ்சுல வெச்சுட்டு, திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்க முன்னால போனாங்க. பெரியவங்க எல்லாம் முன்னால போயிட்டா பெஞ்சு நம்ம ராஜ்ஜியம்தானே? நீங்கெல்லாம் பின்னால ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கிட்டு இருந்தீங்க. நான் என் பேரை ரப்பரால அழிச்சேன். சரியா அழியல. எச்சில் தொட்டும் தேய்ச்சேன். ரெண்டு அட்டையையும் மாத்தி வெச்சேன். ஆட்டுக்குட்டி என் பைபிளுக்குள்ள வந்தாச்சு.

அன்னிக்கு அறிவிப்பு நேரத்துல பாஸ்டர் ஒண்ணு சொன்னாரு, ஞாபகம் இருக்கா? இலங்கையில கிழக்குக் கரையில ஒரு சபை, அம்மா அப்பா ரெண்டு பேரையும் சுனாமியில பறிகொடுத்த பிள்ளைங்களை ஒரு பள்ளிக்கூடத்துல வெச்சுப் பாத்துக்குது, நம்ம சபையிலேருந்து ஆறு பேரு போறாங்க, கூட ஒரு நர்சு கிடைச்சா நல்லதுன்னு. அம்மா நிமிந்து உக்காந்தாங்க. அப்பா மட்டும் காதுல விழாத மாதிரி பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தாங்க.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்ன ஆளுக்கு ஒருத்தரா அட்டையை எடுத்துப் படிச்சோம். அம்மா தன்னோடதை எடுத்தாங்க. முன்னால பாத்தாங்க, திருப்பிப் பின்னால பாத்தாங்க, மறுபடி முன்னால பாத்தாங்க. அப்புறம் மெதுவா வசனத்தைப் படிச்சாங்க. உங்களை அனாதையா விட்டுட மாட்டேன், உங்ககிட்ட வருவேன்னு சொல்ற வசனம்.

"கேட்டீங்களா? எனக்கு இதுதான் வந்திருக்கு" என்றாங்க அப்பாவைப் பாத்து. "இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாரு ஆண்டவர்?"

அப்பா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்ச கையோட அப்படியே உக்காந்திருந்தாங்க. அட்டையில வந்ததுக்கு மறுப்புச் சொல்ல நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு வாய் வருமா? "சரி, ஒரு மாசம்தான்" என்றாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அது அம்மாவுக்கு வந்த அட்டை இல்ல, எனக்கு வந்தது. நான் திருடாம இருந்திருந்தா அம்மா ஆட்டுக்குட்டியை வெச்சுக்கிட்டு வீட்டுல இருந்திருப்பாங்க. இதை யார்கிட்டப் போய் சொல்றது? ஆண்டவரையே ஏமாத்தின பிள்ளைன்னு சொல்லிட்டா?

கீழ மாமி விஷயம் தெரிஞ்சதும் மாடி ஏறி வந்துட்டாங்க. "என்னடி இது, பட்டினப்பாக்கத்துல இல்லாத கொழந்தைகளா? கடல் தாண்டிப் போணுமா?"

"இங்க பாக்குறதுக்கு ஆளு இருக்கு மாமி. அங்க வர்ற வெள்ளைக்காரங்களுக்குத் தமிழ் தெரியல. பிள்ளைங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கலையாம்."

"அப்போ உன் கொழந்தை?"

"நீங்க இருக்கீங்கள்ல" என்றாங்க அம்மா.

மாமி என்னைப் பாத்தாங்க, அம்மாவைப் பாத்தாங்க, "ஸ்கூல் விட்டா நேரா எங்காத்துக்கு வந்துடணும், கேட்டயா?"ன்னு என்கிட்டச் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

சபையில பெண்கள் ஐக்கியத்துல துணி சேத்தாங்க. கிழிஞ்சது, சாயம் போனது வேண்டாம், உங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்கன்னு சொல்லியிருந்தாங்க. அம்மா பீரோவைத் திறந்து கவுனை எடுத்து மடிச்சு அட்டைப்பெட்டியில வெச்சாங்க. என்னைக் கேக்கவே இல்ல. நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். "அடுத்த கிறிஸ்மஸுக்கு இது உனக்குச் சேராதுட்டி, நல்ல துணி வீணாப் போயிரும்" என்றாங்க. சரிதான். ஆனா பத்து வயசுக்கு அடுத்த கிறிஸ்மஸ் எங்கே இருக்கு? அட்டையைத் திருடினவ கவுனுக்காக எந்த வாயால அழறது?

அம்மா கிளம்பிப் போனாங்க. அவங்க இல்லாத நாளெல்லாம் மாமி எனக்குத் தலை பின்னி விட்டாங்க. பின்னினா புருவம் மேல ஏறிடும், அவ்வளவு இறுக்கம். ஸ்கூல்ல டீச்சர் "ஏன் எப்பவும் ஆச்சரியமாவே பாக்குறே?"ன்னு கேப்பாங்க. சாயங்காலம் பில்டர் காபியில எனக்கு மட்டும் பாலு அதிகம். மாடியில ராத்திரிச் சாப்பாடு அப்பா பொறுப்பு. வீட்டுக்கார மாமிக்காக நாங்க மீனு, கருவாடு எதுவும் மாடியில சமைக்கிறதில்ல. ஆனா அப்பாவுக்கு வேற எதுவும் செய்ய வராது. ஒரு நாள் சைதாப்பேட்டை மார்க்கெட்லேருந்து நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்து ஜன்னலெல்லாம் சாத்திட்டு வறுத்தாங்க. ஜன்னலைச் சாத்தினா கருவாட்டு வாசம் அடங்குமா?

மாடிப்படிக்குக் கீழேருந்து குரல் வந்துது. "என்ன சார், ஏதாவது தீஞ்சுடுத்தா?"

"ஆமா மாமி! கத்தரிக்காய் கருகிப் போச்சு!"

"அப்படியா. பாத்துப் பண்ணுங்கோ."

மறுநாள் எனக்குத் தலை பின்னிக்கிட்டே மாமி கேட்டாங்க: "ராத்திரி நன்னா சாப்ட்டியோ?" சாப்பிட்டேன்னு சொன்னேன். அந்த வாரமே அப்பா மறுபடி வறுத்தாங்க. இந்தத் தடவை மாமி படிக்கட்டுல நின்னு, "என்ன சார், இன்னிக்கும் கத்தரிக்காயா?" அப்பா கரண்டியைக் கீழ போட்டுட்டாங்க. "கொழந்தை நாலு வாய் சாப்பிடறதுன்னா வாரத்துக்கு ரெண்டு நாள் கத்தரிக்காய் பண்ணுங்கோ, தப்பில்ல" என்று சொல்லிட்டு மாமி ஊதுபத்தி ஏத்தப் போயிட்டாங்க. அப்படி ஒரு மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்க. போன் மாமி வீட்டு ஹால்லதான். அந்த நேரம் பாட்டு கிளாஸ், எட்டுப் பொண்ணுங்க தரையில உக்காந்து சரளி வரிசை பாடிக்கிட்டிருக்கும். மணி அடிச்சதும் மாமி கையைத் தூக்குவாங்க, அத்தனை பேரும் கப்சிப். எட்டு ஜோடிக் காதும் என் பக்கம். அந்த எட்டுப் பேர் முன்னால நான் எப்படி அட்டை விஷயத்தைச் சொல்றது? "நல்லாயிருக்கேன். சாப்பிட்டேன். படிச்சேன்." இதுதான் ஒவ்வொரு வாரமும்.

அம்மாதான் நிறையப் பேசுவாங்க. பிள்ளைங்க தலையில தண்ணி ஊத்த விடலையாம். தண்ணியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுதாம். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? சேலையோட முற்றத்துல உக்காந்துகிட்டு, "எனக்கு ஊத்திக் குளிப்பாட்டி விடுங்க பாப்போம்"னு குவளையைப் பிள்ளைங்க கையில குடுத்துட்டாங்க. நாலு நாள் பிள்ளைங்க அம்மாவைக் குளிப்பாட்டினாங்க. அஞ்சாம் நாள் ஒரு சின்னது தானா வந்து அம்மா மடியில உக்காந்து, "இனி எனக்கு" என்றதாம். அஞ்சு வயசு இருக்கும். அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரும் போயாச்சு. ராத்திரி அம்மா சுண்டு விரலைப் பிடிச்சாத்தான் தூங்குமாம்.

"உன் கவுனைத்தான் போட்டிருக்கா. அக்கா உனக்காகக் குடுத்தாள்னு சொல்லியிருக்கேன்" என்றாங்க அம்மா, சந்தோஷமா.

நான் எப்பக் குடுத்தேன்? எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

ஒரு மாசம் முடிஞ்சு மத்த ஆறு பேரும் திரும்பிட்டாங்க. அம்மா மட்டும் இன்னும் ஒரு மாசம்னு தங்கிட்டாங்க. வந்தவங்க ஒரு போட்டோ கொண்டாந்தாங்க. அம்மா மடியில அந்தப் பொண்ணு, என் கவுன்ல. கவுன் அதுக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்குது. ரிப்பனை ரெண்டு சுத்து சுத்திக் கட்டியிருக்காங்க. அப்பா அதை ஷோகேஸ்ல வெச்சாங்க. நான் அதைக் கவுத்து வெச்சேன். காலையில அப்பா நிமித்துவாங்க, சாயங்காலம் நான் கவுப்பேன். காத்துல விழுதுன்னு நினைச்சாங்களோ என்னவோ, ஒரு நாள் பின்னால செலோடேப் ஒட்டி வெச்சிருந்தாங்க.

ரெண்டாவது மாசம் முடியப் போற சமயம் அம்மாகிட்டேருந்து அப்பாவுக்கு ஒரு கடுதாசி. அந்த இல்லத்துல நிரந்தரமா ஒரு ஆள் வேணும், ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க, நீங்களும் பிள்ளையும் சம்மதிச்சா மட்டும்தான்னு எழுதியிருந்தாங்க. அப்பா என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, "நீ என்னட்டி சொல்லுத?"ன்னு கேட்டாங்க.

பத்து வயசுப் பிள்ளைகிட்டக் கேக்குற கேள்வியா அது? ஆனா ஞாயிறு பள்ளியில நாம என்ன படிச்சோம்? நல்ல பிள்ளை என்ன சொல்லும்னு எனக்கு நல்லாத் தெரியும். "இருக்கட்டும்ப்பா"ன்னு சொல்லிட்டேன். அப்பா கண்ணு கலங்கி என் தலையைத் தடவினாங்க. அத்தோட விட்டாங்களா? பாஸ்டர்கிட்டச் சொல்லிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னை முன்னால கூப்பிட்டு நிறுத்தி, இந்தச் சின்னப் பிள்ளை தன் தாயையே காணிக்கையாக் குடுத்திருக்குன்னு சொன்னாரு. சபையே கைதட்டிச்சு. முதல் வரிசையில உக்காந்து நீங்களும் கைதட்டினீங்க. உங்க வேஷம் அதுதான். உங்க மேல ஒரு கோபமும் இல்லப்பா, அன்னிக்கு மட்டும் உங்க எல்லார் கையையும் கடிச்சு வைக்கணும்னு இருந்துது.

அன்னிக்கு நாலு மணிக்கு போன் வந்துது. மாமி கையைத் தூக்கினாங்க, பாட்டு நின்னுது. நான் ரிசீவரை எடுத்து சுவத்துப் பக்கம் திரும்பி நின்னேன். இன்னிக்கு எப்படியும் அட்டை விஷயத்தைச் சொல்லிடணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வெச்சிருந்தேன். அம்மா, "கொஞ்சம் இருட்டி, உன்கூடப் பேசணும்னு ஒரு ஆளு நிக்கி"ன்னு போனை அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டாங்க.

கொஞ்ச நேரம் மூச்சு விடுற சத்தம். தூரத்துல காக்கா கத்துது. அப்புறம் சின்னதா ஒரு குரல்.

"அக்காவோ? நான் அக்காட சட்டையைப் போட்டிருக்கன்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என்ன ஆச்சுன்னு இன்னிக்கும் தெரியல. ரிசீவரை வாயோட ஒட்டி வெச்சுக்கிட்டு, ஹால்ல யாருக்கும் கேக்காம சொன்னேன்: "அது என் கவுன். அது எங்க அம்மா. அனுப்பிடு."

அந்தப் பக்கம் காக்கா மட்டும். அப்புறம், "ஓம் அக்கா" என்றது, அந்த ஊர்ல சரின்னு சொல்றது அப்படித்தான். லைன் கட்டாயிடுச்சு.

மாமி மறுபடி பாட்டை ஆரம்பிச்சாங்க. நான் ஒரு மூலையில உக்காந்து மாமி குடுத்த தட்டையைச் சாப்பிட்டேன். அது அம்மாகிட்டச் சொல்லிடும், அம்மா அடுத்த வாரம் திட்டுவாங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். அடுத்த வாரம் போனே வரல. அதுக்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டோ வந்து நின்னுது. அம்மா இறங்கினாங்க. கறுத்து, மெலிஞ்சு, கழுத்தெலும்பு தெரிய.

நான் ஓடல. மாமி வீட்டு வாசல்லயே நின்னேன். மாமிதான், "போடி அசடே, போ!"ன்னு முதுகுல கை வெச்சுத் தள்ளினாங்க. அதுக்கப்புறம் நான் அழுத அழுகை இருக்கே, எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க.

ஏன் வந்தீங்கன்னு சபையில எல்லாரும் கேட்டாங்க. கைதட்டினது வீணாப் போச்சேங்கிற வருத்தம் சிலருக்கு. "பிள்ளைக்கு முழுப்பரிட்சை வருது"ன்னு மட்டும் சொன்னாங்க அம்மா. எனக்கு வேற மாதிரி தோணிச்சு. ஆட்டுக்குட்டி அட்டையைத் தலகாணிக்கு அடியில வெச்சு தினம் ஜெபம் பண்ணியிருந்தேனே, அது பலிச்சுதுன்னு நம்பிட்டேன். போன்ல பேசினதைப் பத்தி அம்மா ஒரு நாளும் கேக்கல. அந்தப் பொண்ணு சொல்லல, தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துட்டேன்.

பையைப் பிரிச்சப்ப அடியிலேருந்து கவுனை எடுத்து, "இந்தா, உன் கவுன்" என்றாங்க. சணல் கயித்தால கட்டியிருந்துது. மடிப்பு கோணல்மாணல். அரைகுறை ஈரத்தோட மடிச்சிருக்கணும், ஒரு பக்கம் பழுப்பா கறை, ஒரு முத்துப் பட்டன் இல்ல. கஞ்சி வாசனை போய் வேற ஏதோ சோப்பு வாசனை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ போட்டது எனக்கு வேணாம்."

அம்மா அதை எடுத்து வெச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அது அப்பாவோட ஸ்கூட்டர் துடைக்கிற துணியா ஆச்சு. நெட் துணியால துடைக்க முடியாதேன்னு அப்பா உள்பாவாடைத் துணியை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் எங்க போச்சுன்னு தெரியாது.

இப்ப போன மாசத்துக்கு வர்றேன். அம்மா இப்ப கொட்டிவாக்கத்துல எங்ககூடத்தான் இருக்காங்க. அறுபது தாண்டியாச்சு, முட்டிதான் தொல்லை, நாக்கு இன்னும் அப்படியேதான். அம்மாவோட பழைய பைபிளுக்கு மேலட்டை பிஞ்சு போச்சுன்னு பைண்டிங்குக்குக் குடுக்க, உள்ள இருந்த சாமான்களையெல்லாம் எடுத்தேன். காய்ஞ்ச குருத்தோலை, கல்யாணப் பத்திரிகை, மாமியோட மருந்துச் சீட்டு ஒண்ணு. கூடவே அந்தப் பழுப்பு ரோடு அட்டை. திருப்பிப் பாத்தேன். எச்சில் தொட்டு அழிச்ச இடத்துல என் பேரு நல்லாத் தெரியுது.

இருபது வருஷத்துப் பாரம். அங்கேயே உக்காந்து, "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சு அட்டையைத் திருடினதைச் சொன்னேன். அம்மா கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்தாங்க.

"எனக்குத் தெரியாதாக்கும்? நான் எடுத்தது ஆட்டுக்குட்டி. எடுத்ததும் பாத்துட்டுத்தான் செருகினேன். வீட்டுல வந்து திறந்தா உன் பேரு போட்ட அட்டை இருக்கு."

"அப்ப ஏன் அப்பாகிட்ட உங்களுக்கு வந்துதுன்னு சொன்னீங்க?"

"உங்கப்பா வேற எப்படிட்டி விடுவாரு? பாஸ்டர் சொன்னப்பவே நான் போகணும்னு முடிவு பண்ணிட்டேன். எப்படிக் கேக்கன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீ திருடி வெச்சிருந்த, நான் அதை வெச்சுப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஒரே கேசுதான்." சொல்லிட்டு அம்மா வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இருபது வருஷம் இதுக்காகவா பயந்தேன்னு என் மேலயே எரிச்சலா வந்துது.

"அப்ப ஏன் திரும்பி வந்தீங்க? பரிட்சைக்குன்னு சொல்லாதீங்க."

அம்மா சிரிப்பை நிறுத்திட்டாங்க. அட்டையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க.

"நான் வர்றதா இல்ல. நீயும் சம்மதிச்சுட்டேன்னு உங்கப்பா சொல்லிட்டாரே. அன்னிக்கு போன் பேசிட்டு அந்தப் பிள்ள நேரா துணிக்கொடிக்குப் போயிச்சு. வேற சட்டையை மாத்திக்கிட்டு உன் கவுனைத் தானே தொவச்சுக் காயப் போட்டுச்சு. காயுறதுக்குள்ள எடுத்து மடிச்சு, கயித்தால கட்டி, என் பைக்குள்ள வெச்சுச்சு. என்னட்டி இதுன்னு கேட்டேன். 'அக்காட சட்டை, அக்காட்ட குடுங்கோ. அக்கா போன்ல அழுதவ. நீங்க போங்கோ'ன்னுச்சு. நான் மாட்டேன்னு சொன்னேன். ராத்திரி என் விரலைப் பிடிக்காம சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிச்சு. மறுநாளும் அப்படித்தான். நான் கிளம்புற வரைக்கும் பிடிக்கல, கேட்டியா. அஞ்சு வயசுப் பிள்ள."

"நான் அழலம்மா" என்றேன்.

"என்ன?"

"நான் போன்ல அழல." அன்னிக்கு என்ன சொன்னேன்னு அப்படியே சொன்னேன். என் கவுன், எங்க அம்மா, அனுப்பிடு. அட்டை விஷயத்தைச் சொல்றப்ப இருந்த தைரியம் எல்லாம் போயிடுச்சு. அந்தப் பொண்ணு என்னைக் காட்டிக்குடுக்கலன்னு மட்டும்தான் நான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது என்னை நல்ல பிள்ளையா ஆக்கி வேற அனுப்பியிருக்கு.

அம்மா திட்டுவாங்கன்னு பாத்தேன். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே? மணி என்ன?"ன்னு கேட்டாங்க. நாலாகப் போகுதுன்னேன். போனை எடுத்து நம்பரைத் தேடினாங்க. அம்மாவும் அந்தப் பொண்ணும் விடாம பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அடுத்த வருஷமே அதோட சித்தி வந்து கூட்டிட்டுப் போய் வளத்தாங்களாம். இப்ப பாலர் பள்ளியில டீச்சராம், ஒரு பையன் இருக்கானாம். இதெல்லாம் அம்மா முன்னாலயும் சொல்லியிருப்பாங்க, நான்தான் காதுல வாங்கிக்கல.

அந்தப் பக்கம் ரிங் போச்சு. அம்மா என் கையில போனைக் குடுத்துட்டாங்க.

ஹலோன்னு ஒரு குரல். நான் யாருன்னு சொன்னேன். தூரத்துல காக்கா கத்திக்கிட்டிருந்துது. மன்னிச்சிடும்மான்னு சொல்லணும்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அது மெதுவா சிரிச்சுது.

"அம்மா பத்திரமா வந்து சேர்ந்திட்டாவோ, அக்கா?"

"சேந்துட்டாங்கம்மா"ன்னேன். போனை அம்மா கையில குடுத்துட்டு, பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.